சென்னையின் பள்ளிக்கூடங்களும் தொழிற்பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்பயிற்சி நிலையமான ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் (இரும்புப் பாகங்களைத் தேய்த்துப் பொருத்தும் வேலை) படித்து, பட்டறையில் வேலை பார்த்து, அப்புறம் பல வருடம் பையன்களுக்கும் பெண்களுக்கும் அதே வேலையைச் சொல்லிக்கொடுத்தவன் நான். பிள்ளையை எதில் சேர்க்கலாம் என்று கேட்டு வரும் பெற்றோர் பேச்சுவாக்கில் இந்த ஊரின் பழைய பள்ளிக்கூடங்களைப் பற்றியும் கேட்பார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதியிருக்கிறேன்.

வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் இங்கே பள்ளிக்கூடமே இல்லையா?

இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடம் என்று தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஒரு வீட்டுத் திண்ணை, ஒரு வாத்தியார், சுற்றிலும் பிள்ளைகள். முதலில் மணலைப் பரப்பி விரலால் எழுத்து. கை பழகிய பிறகு ஓலையும் எழுத்தாணியும். ஆத்திசூடி, எண்சுவடி, கணக்கு. மூத்த பையன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வான்.

எத்தனை இருந்தன என்பதற்குக் கணக்கே இருக்கிறது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்ட ஆட்சியர்களிடம் விவரம் கேட்டார். 1826-இல் தொகுத்துப் பார்த்தபோது மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 பேர் படிக்கிறார்கள் என்று தெரியவந்தது. அப்போது மாகாணத்தின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 28 லட்சம்.

இந்த எண்ணைக் காட்டி ‘எல்லோரும் படித்திருந்தோம்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதே அறிக்கையில் பெண் குழந்தைகளின் எண்ணிக்கை மிகச் சொற்பம். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் இடம் கிடையாது. படிப்பு இருந்தது உண்மை. அது யாருக்கு இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நகரத்தின் மிகப் பழைய பள்ளி எது?

இன்றும் நடப்பவற்றில் என்றால், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் பள்ளி. அதன் வேர் 1715-இல் கோட்டைக்குள் தேவாலயப் பாதிரியார் வில்லியம் ஸ்டீவன்சன் தொடங்கிய தர்மப் பள்ளி. ஏழைக் கிறித்தவக் குழந்தைகளுக்கு எழுத, படிக்க, கணக்குப் போடக் கற்றுக்கொடுப்பதற்காக வைத்தது. கோட்டையில் இருந்த சிப்பாய்களின் பிள்ளைகள், தகப்பன் செத்துப்போன பிள்ளைகள் என்று கேட்பாரற்ற குழந்தைகள் நிறைய. இந்த ஊரின் நவீனக் கல்வி அவர்களிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது. கீழே வரும் பதில்களிலும் அனாதைகள், விதவைகள், சேரிப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப வருவார்கள். வேண்டுமென்று நான் தேடிச் சேர்க்கவில்லை, வரலாறே அப்படித்தான் இருக்கிறது.

‘மெட்ராஸ் முறை’ என்று ஒன்று இங்கிலாந்து வரை போனதாமே?

போனது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

1789-இல் எழும்பூரில் சிப்பாய்களின் ஆண் குழந்தைகளுக்கான அனாதை இல்லத்துக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பொறுப்பேற்றார். பிள்ளைகளுக்கு எழுத்தே ஏறவில்லை. ஒருநாள் வழியில் ஒரு ‘மலபார்’ பள்ளியைப் பார்த்தார். அந்தக் காலத்தில் ஆங்கிலேயர் தமிழரைத்தான் மலபார் என்று சொன்னார்கள். சின்னக் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். இதையே செய்யலாமே என்று தன் உதவி ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் ஒத்துவரவில்லை. சரி என்று எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடு என்றார். பையன் சொல்லிக்கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு இல்லம் முழுக்கவும் பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிற ஏற்பாடு வந்தது.

பெல் இங்கிலாந்து திரும்பி 1797-இல் இதைச் சிறு நூலாக வெளியிட்டார். ஆசிரியர்களுக்குக் கொடுக்கப் பணமில்லாத இடங்களிலெல்லாம் இந்த முறை பரவியது. அவர் விட்டுப்போன பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் கட்டிய பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

நம் திண்ணையில் சட்டாம்பிள்ளை செய்த வேலை அது. அந்த மணல் பள்ளி வாத்தியார் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

கிண்டி பொறியியல் கல்லூரி உண்மையிலேயே 1794-இல் ஆரம்பித்ததா?

ஆமாம், ஆனால் கல்லூரியாக இல்லை, கிண்டியிலும் இல்லை. நிலம் அளக்க ஆள் தேவைப்பட்டது. ஏரி எவ்வளவு, வாய்க்கால் எப்படி ஓடுகிறது, எந்த நிலத்துக்கு எவ்வளவு வரி என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தெரிந்தாக வேண்டும். ஐரோப்பாவிலிருந்து அளவையாளர்களைக் கூட்டிவருவது கட்டுப்படியாகாது. அதனால் வானியலாளர் மைக்கேல் டாப்பிங் எட்டுப் பையன்களை வைத்து 1794 மே மாதம் அளவைப் பள்ளியைத் தொடங்கினார். பையன்கள் யார் தெரியுமா? பெல் நடத்திய அதே அனாதை இல்லத்துப் பிள்ளைகள். நில அளவையாளர் லாம்ப்டன் 1802-இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான நேர்கோடு) அளந்து இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கினாரே, அந்தப் பெரிய வேலைக்கும் இந்தப் பள்ளியில் பழகியவர்கள் உதவியாளர்களாகப் போனார்கள்.

1861-இல் அது பொறியியல் கல்லூரி ஆனது. பல காலம் சேப்பாக்கத்தில் இருந்துவிட்டு 1920-இல் கிண்டிக்குப் போனது. 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது அதில் சேர்ந்தது.

ஆசியாவிலேயே மிகப் பழைய தொழில்நுட்பக் கல்வி நிலையங்களில் ஒன்று என்று பெருமையாகச் சொல்கிறோம். சொல்லலாம். கூடவே அது ஒரு வேலைபழகும் பள்ளியாக, சங்கிலி பிடித்து நிலம் அளக்கிற பையன்களின் பள்ளியாகத் தொடங்கியது என்பதையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

மருத்துவக் கல்லூரி, ஓவியக் கல்லூரி எல்லாம் அப்படித்தானா?

பெரும்பாலும் அப்படித்தான். 1835 பிப்ரவரியில் மருத்துவப் பள்ளி ஆரம்பித்தது, ராணுவ ஆஸ்பத்திரிகளுக்குக் காயம் கட்டவும் மருந்து கலக்கவும் உதவி ஆட்கள் வேண்டும் என்பதற்காக. 1850-இல் அது கல்லூரி. 1875-இல் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்திலேயே பெண்கள் மருத்துவம் படிக்கப் போராடிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களில் ஒருவரான மேரி ஷார்லீப் பிறகு இந்த ஊரில் கோஷாப் பெண்களுக்கான (வெளி ஆண்கள் முன் வராமல் திரைக்குள் இருந்த பெண்கள்) ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். திருவல்லிக்கேணியில் இப்போது கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று இருப்பது அதன் தொடர்ச்சி. முத்துலட்சுமி ரெட்டி இந்தக் கல்லூரியில் பட்டம் பெற்றது 1912-இல்.

ஓவியக் கல்லூரியைத் தொடங்கியவர் ஓவியர் அல்ல, அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர். 1850-இல் சொந்த முயற்சியாக ஆரம்பித்தார், இரண்டு வருடத்தில் அரசு எடுத்துக்கொண்டது. படம் வரைவதோடு மண்பாண்டம், மரவேலை, உலோக வேலை எல்லாம் நடந்தது. அங்கே ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898-இல் அலுமினியத்தைக் கொண்டுவந்து பாத்திரம் அடிக்கும் கன்னார்களை வைத்துப் பாத்திரம் அடித்துப் பார்த்தார். பித்தளை, செம்பு அடித்துப் பழகிய கை புது உலோகத்தையும் பிடித்துக்கொண்டது. இரண்டு வருடத்தில் அது தனிக் கம்பெனி ஆகிவிட்டது. ஒரு வகுப்பறைப் பட்டறையில் பழகிய வேலை வெளியே வந்து எத்தனையோ வீட்டு அடுப்பில் ஏறிய கதை இது.

1856-இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி, பிறகு அது சைதாப்பேட்டைக்குப் போனது. விவசாயப் பள்ளி அதே சைதாப்பேட்டையில் தொடங்கி 1906-இல் கோயம்புத்தூருக்கு மாறியது. இன்றைய வேளாண் பல்கலைக்கழகத்தின் தொடக்கம் அது. கால்நடை மருத்துவக் கல்லூரியும் 1903-இல் சைதாப்பேட்டையில்தான் ஆரம்பித்தது, வேப்பேரிக்குப் பின்னால் வந்தது. சைதாப்பேட்டைக்காரர்கள் இதைத் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஊர்க்காரர்கள் தாங்களாகவே கட்டிய பள்ளி எது?

பச்சையப்பன். பச்சையப்ப முதலியார் 1794-இல் இறந்தார். அவர் எழுதிவைத்த உயில் நீதிமன்றத்தில் பல வருடம் கிடந்து, கடைசியில் அந்தத் தர்மப் பணத்தில் ஒரு பங்கு கல்விக்கு என்று ஆனது. 1842 ஜனவரி 1 அன்று பிராட்வேயில் பள்ளி திறந்தது. இப்போதைய என்.எஸ்.சி. போஸ் சாலையில் தூண்களோடு நிற்கும் பச்சையப்பன் மண்டபம் 1850-இல் எழுந்தது. 1889-இல் கல்லூரி ஆனது, 1940-இல் சேத்துப்பட்டுக்கு மாறியது.

இதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்த ஒன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1839 நவம்பரில் உயர்கல்வி நிலையம் வேண்டும் என்று எழுபதாயிரம் பேர் கையெழுத்திட்ட மனு ஆளுநர் எல்ஃபின்ஸ்டனிடம் போனது. செல்பேசி இல்லை, பேருந்து இல்லை, எழுபதாயிரம் கையெழுத்து! மாநிலக் கல்லூரி, 1857-இல் வந்த சென்னைப் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் பின்னால் அந்த மனு இருக்கிறது. வெள்ளைக்காரன் கொடுத்தான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது சரியில்லை, இவர்கள் கேட்டு வாங்கினார்கள்.

பள்ளியில் சாப்பாடு போடுவது காமராஜர் காலத்தில் வந்தது இல்லையா?

மாநிலம் முழுக்கக் கொண்டுபோனவர் அவர்தான். ஆனால் இந்த நகரத்தில் அதற்கு முன்னாலேயே நடந்திருக்கிறது. 1920 செப்டம்பரில், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி போடத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. பசியோடு வரும் குழந்தைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் காரணம். பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் விரிந்தது.

அடையாறில் பிரம்மஞான சபையின் ஆல்காட் 1894-இல் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெசன்ட் நகரில் இன்றும் நடக்கும் ஆல்காட் நினைவுப் பள்ளி அந்த வழியில் வந்தது. வேறு பள்ளிகளின் வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளைகள் அவர்கள்.

பெண்கள் தொழில் கற்கத் தொடங்கியது எப்போது?

சமூகம் அவர்களை ‘இனி உனக்கு ஒன்றுமில்லை’ என்று மூலையில் உட்காரவைத்தபோது. மிகைப்படுத்தவில்லை. சகோதரி சுப்புலட்சுமி பதினொரு வயது வாக்கில் விதவையானவர். மாநிலக் கல்லூரியில் படித்து 1911-இல் பட்டம் வாங்கினார். மறு வருடம் எழும்பூரில் ஒரு வீட்டில் இளம் விதவைகள் சிலரைச் சேர்த்துப் படிக்கவைக்க ஆரம்பித்தார். அந்த விடுதிதான் பின்னால் மெரினாவில் ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய வட்டமான கட்டடம், இப்போது விவேகானந்தர் இல்லம். 1922-இல் அதன் பக்கத்திலேயே லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தது, சுப்புலட்சுமிதான் முதல்வர். விடுதி பிராமண விதவைகளுக்கு என்றுதான் தொடங்கியது என்ற குறை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் தலையை மழித்து அடுக்களையில் ஒதுக்கப்பட்டிருந்த ஒரு பெண் ஆசிரியையாகிச் சம்பளம் வாங்குவது என்றால், அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம்!

அடுத்தது லலிதா. 1937-இல் கணவர் இறந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது, கையில் நான்கு மாதக் குழந்தை. அப்பா பொறியியல் கல்லூரிப் பேராசிரியர். முதல்வர் சாக்கோவிடம் பேசி, மகளை மின்பொறியியலில் சேர்த்தார். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் தனியாக ஒரு பெண் எப்படி இருப்பாள்? கொஞ்ச நாளில் தெரசியா, லீலாம்மா என்று இரண்டு பெண்கள் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். லலிதா இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர். படித்து முடித்தபோது அவருடைய பட்டச் சான்றிதழில் ‘அவன்’ என்று அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு ‘அவள்’ என்று கையால் திருத்திக் கொடுத்தார்கள். பெண்ணுக்கென்று ஒரு படிவமே அச்சடித்திருக்கவில்லை.

என் வகுப்பில் முதல்முறையாக ஒரு பெண் ஃபிட்டர் டிரேடில் சேர்ந்த அன்று இந்தச் சான்றிதழ் கதையைத்தான் சொன்னேன்.

தட்டச்சுப் பள்ளிகளையும் இந்த வரலாற்றில் சேர்ப்பீர்களா?

கட்டாயம். பல்கலைக்கழகம் போக முடியாத எத்தனை குடும்பங்களை அந்த ஒற்றை அறைகள் கரையேற்றியிருக்கின்றன! மாம்பலம், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, பெரம்பூர் என்று எங்கே பார்த்தாலும் மாடிப்படி ஏறினால் ஒரு இன்ஸ்டிட்யூட். காலை ஆறு மணி பேட்ச் ஆரம்பிக்கும்போது தெருவுக்கே சத்தம் கேட்கும். ஆங்கிலம் என்றால் ‘ஏ எஸ் டி எஃப்’, தமிழ் என்றால் ‘யளனகப’. அதையே நாள்கணக்கில் அடிக்க வேண்டும், கீழே குனிந்து பார்த்தால் திட்டு. லோயர், ஹையர் என்று அரசுத் தேர்வு. ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. கூடவே சுருக்கெழுத்தும் முடித்தால் அரசு அலுவலகமோ வங்கியோ என்று நம்பிக்கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைப்பார்கள். என் அக்கா அப்படித்தான் வேலைக்குப் போனாள். அவள் சம்பளத்தில்தான் நான் ஐ.டி.ஐ. படித்தேன்.

ஐ.டி.ஐ. எப்போது வந்தது? அங்கே அப்படி என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்?

அதற்கு முன்பே 1916-இல் மெட்ராஸ் டிரேட்ஸ் ஸ்கூல் என்று ஒன்று வந்தது. பிறகு அது தரமணி மத்திய பாலிடெக்னிக். சினிமாத் தொழில்நுட்பம்கூட 1940-களில் அங்கே ஒரு பிரிவாகத் தொடங்கியதுதான். ஐ.டி.ஐ. என்ற ஏற்பாடு 1950-இல் மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் வந்தது. நேரமும் பொருத்தமாக இருந்தது. 1955-இல் பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்., 1958-இல் கிண்டி தொழிற்பேட்டை, பின்னால் அம்பத்தூர், ஆவடி, எண்ணூர் என்று ஆலைகள் வர, கை பழகிய ஆட்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். 1961-இல் வந்த அப்ரண்டிஸ் சட்டம் ஆலைக்குள்ளேயே பயிற்சிக்கு வழி செய்தது.

என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றால், ஃபிட்டருக்கு முதல் சில மாதம் அரம்தான். ஓர் இரும்புத் துண்டைக் கொடுப்பார்கள், அதற்கு ஜாப் என்று பெயர். வைஸ் என்ற இறுக்குப் பிடியில் இறுக்கி, அரத்தை இரண்டு கையாலும் பிடித்து, முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தித் தேய்க்க வேண்டும். பத்து முறை தேய்த்ததும் ட்ரைஸ்கொயர் என்ற மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்போம். இடுக்கில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பக்கம் மேடு. மறுபடி வைஸ், மறுபடி அரம். உள்ளங்கை கொப்புளித்து, உடைந்து, காய்த்துப்போகும். ஒருநாள் வெளிச்சம் தெரியாது. அன்றைக்கு அந்தப் பையன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் தொழில்கல்விக்கு ஏன் மதிப்புக் குறைந்தது?

இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று பழைய காயம். 1953-இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பை மூன்று மணி நேரமாக்கி, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று மாகாணமே கொதித்தது. 1954-இல் காமராஜர் வந்ததும் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம். அப்பன் தொழிலையே மகன் தலையில் கட்டுவதற்குப் பெயர் தொழில்கல்வி இல்லை. ஆனால் அதற்குப் பிறகு கைவேலை என்றாலே ‘நம்மைக் கீழேயே வைக்கப் பார்க்கிறார்கள்’ என்ற சந்தேகம் பல வீடுகளில் தங்கிவிட்டது.

இன்னொன்று, 1984-க்குப் பிறகு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. எந்த வீட்டிலும் ஓர் என்ஜினியர் உருவாகலாம் என்ற கதவு திறந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எத்தனையோ பேர் அதனால் மேலே வந்தார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கு இருக்கும் ஆதங்கம் வேறு. அரம் பிடிக்காமல், ஒரு மோட்டாரைக் கழற்றிப் பார்க்காமல் பட்டம் வாங்கிவந்த பிள்ளைகள் என் பட்டறைக்கு வந்து தயங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் தப்பில்லை. லலிதாவையே படிப்பின் பகுதியாக ஜமால்பூர் ரயில்வே பட்டறைக்கு அனுப்பித்தான் பட்டம் கொடுத்தார்கள். அந்த வழக்கம் தேய்ந்துபோனது நமக்கு நஷ்டம்.

தாத்தா, பாட்டி எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பல நேரம் முடியும். முதலில் வீட்டுப் பரணில் பழைய டிரங்குப் பெட்டியைப் பாருங்கள், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதில் பள்ளியின் பெயர், சேர்ந்த தேதி, மார்க் எல்லாம் இருக்கும். அப்புறம் அந்தப் பள்ளிக்கே போய்ச் சேர்க்கைப் பதிவேட்டைக் கேளுங்கள். பழைய பள்ளிகளில் தலைமையாசிரியர் அறை பீரோவில் அது பத்திரமாக இருக்க வாய்ப்பு உண்டு. அரசு ஆவணங்கள் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், பழைய தமிழ்ப் பாடப்புத்தகங்களும் பத்திரிகைகளும் தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்திலும் கிடைக்கும்.

போகும்போது தாத்தாவின் அப்பா பெயரையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பழைய பதிவேட்டில் முருகேசன் என்று தேடினால் ஒரே பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள்.